தட்டிலிருந்து வயல்வரை: உணவையும் மண்ணையும் சேர்த்துப் பேசும் பாட்காஸ்ட் தயாரிப்பது எப்படி

உணவு பற்றிய வானொலி நிகழ்ச்சிகளும் பாட்காஸ்ட்களும் பெரும்பாலும் அடுப்படியோடு நின்றுவிடுகின்றன. ருசி, செய்முறை, கைப்பக்குவம் என்று அரை மணி நேரம் ஓடிவிடும். அந்தத் தக்காளி விளைந்த மண் எப்படி இருக்கிறது, பத்து வருடம் கழித்தும் அது விளைநிலமாகவே இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியைக் கொண்டுசேர்க்க ஒலி நல்ல வழி. கை வேலையில் இருக்கும்போதும் காது சும்மாதான் இருக்கிறது. சமைக்கிறவரும் கேட்கலாம், களை எடுக்கிறவரும் கேட்கலாம்.

வானொலிக்கு இந்த வேலை புதிதல்ல. 1960களில் தஞ்சைப் பகுதியில் ஏடிடி-27 நெல் ரகத்தை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டுத்தான் பலர் அந்த ரகத்துக்கு மாறினார்கள். காதில் விழுந்ததை நம்பி ஒருவர் தன் வயலையே மாற்றுவார் என்றால், நாம் சொல்லும் ஒவ்வொரு அளவும் சரியாக இருந்தே ஆகவேண்டும். கீழே சொல்வது ஏறக்குறைய 25 நிமிட நிகழ்ச்சி ஒன்றுக்கான வழிமுறை. இரண்டு பேர், ஒரு ரெக்கார்டர், ஒரு மைக் போதும்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

'நீடித்த வேளாண்மை' என்ற தலைப்பில் ஒரு நிகழ்ச்சி செய்ய முடியாது. ஒரு பயிர், ஒரு நிலம், ஒரு கேள்வி என்று குறுக்குங்கள். 'இந்த வயலில் பெய்யும் மழை உள்ளே இறங்குகிறதா, ஓடிவிடுகிறதா?' என்பது கேள்வி. 'குத்தகை முடிந்தால் இந்த மண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்பதும் கேள்வி. விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வியை எடுக்காதீர்கள். கேட்கிறவருக்கு அது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

போவதற்கு முன் விவசாயியிடம் போனில் பத்து இருபது நிமிடம் பேசுங்கள். என்ன பயிர், எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பம்ப்செட் எப்போது ஓடும், பக்கத்தில் சாலை உண்டா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முக்கியமான கதையைப் போனில் கேட்டுவிட்டால், மைக் முன்னால் 'அன்னைக்கே சொன்னேனே, அதுதான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். முதல்முறை சொல்லும்போது குரலில் இருக்கும் உயிர் இரண்டாம் முறை வராது.

ஒரே வயலுக்கு இரண்டு தடவையாவது போக வேண்டும்: விதைப்புக்கு முன் ஒருமுறை, பயிர் நிற்கும்போது ஒருமுறை. அறுவடைக்குப் பிறகும் போக முடிந்தால் இன்னும் நல்லது. மண்ணில் நடக்கும் மாற்றத்தை ஒரே நாள் பயணத்தில் பதிவு செய்ய முடியாது.

கருவிகள்

வெளியில் எடுக்கும் பேட்டிக்கு, எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வாங்கும் கைமைக் ஒன்று சிறந்தது. ஒரே திசையில் வாங்கும் மைக்கைவிட இதில் காற்றின் இரைச்சலும் கை உரசும் ஒலியும் குறைவு. பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு முஷ்டி அளவு தள்ளி, சற்றுக் கீழே, கொஞ்சம் சாய்வாகப் பிடியுங்கள். மைக்கை அவர் கையில் கொடுக்காதீர்கள். பேச்சின் சூட்டில் கை ஆட, ஒலி ஏறி இறங்கும்.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு (ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வகை) என்று வையுங்கள். ஒரு மணி நேரம் மோனோவாகப் பதிந்தால் சுமார் 520 எம்பி ஆகும், ஸ்டீரியோ என்றால் அதன் இரட்டிப்பு. ரெக்கார்டரின் அளவுமானியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள். சிரிப்பும் அதட்டலும் அதைத் தாண்டிப் போக இடம் வேண்டும். மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒருசேரப் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் அளவைப் பற்றிய கவலை இல்லை என்பார்கள். பாதி உண்மை. காற்று மைக்கின் சவ்வையே அடித்துவிட்டால் எந்த ரெக்கார்டராலும் மீட்க முடியாது.

நுரைப்பஞ்சு உறை வீட்டுக்குள் மட்டும்தான் பயன்படும். திறந்த வெளியில் அடர்ந்த ரோம உறை கட்டாயம். உங்கள் முதுகைக் காற்றுக்குக் காட்டி, உடம்பையே தடுப்பாக்கி நில்லுங்கள். ஹெட்போன் இல்லாமல் பதிவைத் தொடங்காதீர்கள். காற்றின் அடி நேரில் காதுக்குத் தெரியாது, ஹெட்போனில்தான் 'தப் தப்' என்று கேட்கும்.

போனில்தான் பதிய வேண்டும் என்றால் விமானப் பயன்முறையில் போட்டு, வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியில் பதியுங்கள். அரட்டைச் செயலியின் குரல் பதிவை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அது ஒலியை மிக இறுக்கமாகச் சுருக்குகிறது, வயலின் பின்னணி ஓசை குழம்பாகிவிடும்.

சமையலறையில்

முதலில் ஃபிரிட்ஜையும் புகைபோக்கி விசிறியையும் அணையுங்கள். ஃபிரிட்ஜின் முனகல் நேரில் உறைக்காது; எடிட் செய்யும்போது ஒவ்வொரு வெட்டிலும் அது துள்ளும். திரும்பப் போட மறந்தால் அந்த வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம் என்பதால், ஒலிப்பதிவுக்காரர்கள் தங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாதல்லவா.

மைக்கைச் சட்டிக்கு நேர்மேலே பிடிக்காதீர்கள். ஆவி உள்ளே போய்க் குளிர்ந்து நீராகி, கண்டென்சர் மைக் படபடக்க ஆரம்பிக்கும். பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி வையுங்கள். பொரியும் ஓசை என்பது காயிலுள்ள நீர் ஆவியாகும் ஓசை, அதனால் நீர் வற்ற வற்ற அது அடங்கிக்கொண்டே வரும். சமைக்கத் தெரிந்தவர் பதத்தை அந்த ஓசையில்தான் கண்டுபிடிக்கிறார். எனவே தொடக்கத்தில் பத்து நொடி, நடுவில் பத்து நொடி, இறக்கும்போது பத்து நொடி என மூன்று இடத்தில் பதியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பொதுவான 'ஸ்ஸ்' ஓசையை ஒட்டினால் சமைப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

கடிக்கும் ஓசை ஒருமுறை போதும். மெல்லும் ஓசையை வெட்டிவிடுங்கள், ஹெட்போனில் பலருக்கு அது தாங்காது. 'ரொம்ப நல்லா இருக்கு' என்ற பதில் வானொலிக்குப் பயனில்லாதது. நாக்கில் முதலில் பட்டது எது, விழுங்கிய பிறகு எது மிச்சம் நிற்கிறது, பிய்த்தபோது எப்படி உடைந்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வயலில்

போன உடனே ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதியுங்கள். ஒவ்வொரு புது இடத்திலும் இதைச் செய்ய வேண்டும். பேட்டியின் வெட்டுகளை மறைப்பது இந்த ஒரு நிமிடம்தான். பம்ப்செட் ஓடும்போது பாதி, நின்ற பிறகு பாதி என்று பேட்டி எடுத்தால் இரண்டையும் இணைக்கவே முடியாது. மோட்டார் ஓசை வேண்டுமென்றால் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பேச்சை அமைதியில் எடுங்கள்.

விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். காற்று குறைவு, பறவைகள் உண்டு, விவசாயிக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். அவரை நிற்கவைத்துப் பேட்டி எடுக்காமல், வேலை செய்யவிட்டு 'இப்ப என்ன செய்றீங்க, ஏன்?' என்று கேளுங்கள். கரிசல், செம்மண், களர் என அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே விடுங்கள், புத்தகச் சொல்லால் திருத்தாதீர்கள்.

மண்ணை மைக் முன்னால் சோதிப்பது

நிகழ்ச்சியின் நடுப்பகுதி இதுதான், நேரத்தையும் இதில்தான் செலவிட வேண்டும். 'எங்க மண்ணு நல்லா மாறிடுச்சு' என்று ஒருவர் சொல்வது ஒரு கருத்து. கேட்கிறவர் காதுபட அதைச் சோதித்தால் அது சான்று.

முதல் சோதனை, நீர் இறங்கும் வேகம். 15 செ.மீ. உள்விட்டமும் 13 செ.மீ. உயரமும் உள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்று வேண்டும். கீழ் விளிம்பை அரத்தால் கூராக்குங்கள். சருகை விலக்கி, மேலே மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி 8 செ.மீ. உள்ளே இறக்குங்கள். உட்சுவரை ஒட்டிய மண்ணை விரலால் மெதுவாக அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நீர் ஓரமாக ஒழுகிவிடும். வளையத்துக்குள் பிளாஸ்டிக் தாளை விரித்து 440 மி.லி. நீர் ஊற்றுங்கள். அந்த விட்டத்துக்கு அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். தாளை மெல்ல உருவிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். மேற்பரப்பில் நீர் போய் ஈரமினுக்கம் மட்டும் மிஞ்சும்போது நிறுத்துங்கள். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டுமே. அதே வளையத்தில் இரண்டாவதாக இன்னொரு 440 மி.லி. ஊற்றி எடுக்கும் நேரம்தான் கணக்கு.

ஒரே இடத்தில் செய்து முடிவு சொல்லாதீர்கள். வயலில் மூன்று இடம், பல வருடமாக உழாத வரப்பில் ஓர் இடம். வரப்பிலும் வயலிலும் ஒரே மண் என்பதால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு அதிகம். தப்பாகப் போகும் இடங்களும் உண்டு: புதிதாக உழுத வயலில் நீர் பொய்யான வேகத்தில் இறங்கும், வெடித்த கரிசலில் விரிசல் வழியே சட்டென்று மறையும், மழை பெய்த மறுநாள் எந்த மண்ணிலும் மெதுவாகத்தான் இறங்கும். அப்படிப்பட்ட நாளில் எடுத்த எண்ணை ஒலிபரப்பாதீர்கள்.

பதிவு செய்யும் விதமும் முக்கியம். ஊற்றும் ஓசையை மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுங்கள். 'இப்ப ஊத்துறோம், மணி ஆறு ஐம்பது' என்று குரலிலேயே நேரத்தைச் சொல்லிவிடுங்கள், எடிட் மேசையில் குறிப்பேடு தேட வேண்டியதில்லை. காத்திருக்கும் நேரத்தில் ரெக்கார்டரை நிறுத்தாதீர்கள். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கும்போது வரும் பேச்சு, மைக்கைப் பார்த்துப் பேசும்போது வருவதே இல்லை.

இரண்டாவது சோதனை, கட்டி கரையும் விதம். வயலிலிருந்து ஒன்றும் வரப்பிலிருந்து ஒன்றுமாக எலுமிச்சை அளவில் இரண்டு மண்கட்டிகள் எடுத்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரக்கட்டி கரையாமல் நின்று ஏமாற்றும். இரண்டு கண்ணாடிக் குடுவையில் நீர் நிரப்பி, வாய்ப்பகுதியில் பெரிய கண் கொண்ட கம்பி வலையை நீருக்குள் தொங்கும்படி மாட்டி, கட்டிகளை ஒரே நேரத்தில் வலைமேல் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். வேரும் பூஞ்சை இழையும் மக்கும் சேர்ந்து பிடித்திருக்கும் கட்டி நிற்கும். உயிர்ப்பு குறைந்த மண் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் படியும். மழை அடித்ததும் மேல்மண் மூடிக்கொண்டு நீரை உள்ளே விடாமல் போவதற்கு இந்த உதிர்தல்தான் காரணம். ஆக, முதல் சோதனையின் விடையை இரண்டாவது விளக்கும். நிகழ்ச்சியிலும் அதே வரிசையில் வையுங்கள். மணற்பாங்கான மண்ணில் கட்டியே இருக்காது, அங்கே இந்தச் சோதனை வேண்டாம். பல மணி நேரம் கழித்தும் நீர் பால்போலக் கலங்கியே இருந்தால் மண்ணில் சோடியம் அதிகமாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கட்டிக்குள் நீர் புகும்போது காற்றுக் குமிழ் வெடிக்கும் ஓசை மிக மெல்லியது. வயலில் பிடிபடாது, அமைதியான அறைக்குள் கொண்டுபோய் எடுங்கள். ஆனால் பார்ப்பதை விவசாயி தன் வாயால் வர்ணிப்பதுதான் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்தும், அதை வயலிலேயே எடுங்கள்.

நிலம் நிலமாக இருக்க வேண்டுமே

மண்ணை எவ்வளவு பேணினாலும் மேலே கான்கிரீட் விழுந்தால் முடிந்தது. 2, 3 செ.மீ. மண் உருவாக ஆயிரம் ஆண்டுவரை ஆகலாம் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு. உணவு நிகழ்ச்சிகள் தொடத் தயங்கும் பகுதி இது, ஏனென்றால் இங்கே ஆவணங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. தயங்காதீர்கள்.

கேட்க வேண்டியவை இவை. நிலம் யாருடையது? குத்தகை என்றால் எத்தனை வருடம், எழுத்தில் உண்டா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்த வாய்க்கால் யார் நிலத்தின் வழியாக வருகிறது? அரசின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் இந்த இடம் என்ன வகை? சுற்றிலும் கடைசியாக எந்த வயல் மனையானது?

குத்தகைக் காலத்தை மட்டும் வைத்தே ஒரு முழு நிகழ்ச்சி செய்யலாம். மக்கு சேர்ப்பது, வரப்பு உயர்த்துவது, ஓரத்தில் மரம் வைப்பது எல்லாம் பலன் தர மூன்று, ஐந்து, பத்து வருடம் ஆகும். அடுத்த வருடம் நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் அதில் பணம் போடமாட்டார். போடாதது அவர் குற்றமுமல்ல. மண் கெட்டதற்கு உழுதவரைக் குறைசொல்லும் நிகழ்ச்சிகள் இந்த இடத்தைத்தான் கோட்டை விடுகின்றன.

வழி என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லச் செயலில் உள்ள மாதிரிகள் இருக்கின்றன. பிரான்சில் 2003இல் தொடங்கிய 'டெர் த லியான்' அமைப்பு, பொதுமக்கள் போடும் பங்குப் பணத்தில் விளைநிலம் வாங்கி, இயற்கை முறையில் பயிர் செய்வோருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறது. அமெரிக்காவில் நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்க, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளையோ அரசோ ஒப்பந்தமாக வாங்கிக்கொள்ளும் முறை உண்டு. பிறகு நிலத்தை யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு கூடவே போகும். இப்படி ஒரு திட்டத்தைப் பற்றிப் பேசினால் பாராட்டோடு நிறுத்தாமல், மீறினால் யார் கண்டுபிடிப்பார்கள், யார் வழக்குப் போடுவார்கள், எதற்கெல்லாம் விலக்கு என்று கேட்டுப் பதியுங்கள்.

வயலின் எல்லையில் நின்று ஒருமுறை ஓசை எடுங்கள். ஒரு காதில் தவளையும் மறு காதில் கலவை இயந்திரமும் கேட்கும் ஸ்டீரியோ பதிவு, எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகப் பேசும்.

சொன்னதைச் சரிபார்ப்பது

'ஒரே வருடத்தில் மண்ணின் அங்ககப் பொருள் (மண்ணில் கலந்துள்ள மக்கு) இரண்டு சதவீதம் ஏறியது' என்று யாராவது சொன்னால் அப்படியே ஒலிபரப்பாதீர்கள். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை, கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்று வைத்தால், சுமார் 790 டன். அதில் ஒரு சதவீதம் ஏறக்குறைய 8 டன். இரண்டு சதவீதம் என்றால் 16 டன் அங்ககப் பொருள் மண்ணோடு மண்ணாகத் தங்கியிருக்க வேண்டும். நாம் போடும் தழையிலும் எருவிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளிவிட்டுவிடும். எனவே போட்டது அதைப்போலப் பல மடங்கு இருந்தாலொழியக் கணக்கு இடிக்கும். பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. இரண்டு மாதிரிகளும் வேறு ஆழத்திலோ, வேறு பருவத்திலோ, எடுத்ததாகவோ, வேறு ஆய்வுக்கூடத்தில் சோதித்ததாகவோ இருக்கலாம். ஆய்வறிக்கைகளை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'ஆர்கானிக்' என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் சட்ட வரையறை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருட மாற்றுக்காலம் கட்டாயம். 'மீளுருவாக்க வேளாண்மை' என்பதற்கு அப்படி ஒரே வரையறை கிடையாது. அதைச் சொல்பவரிடம் எதைச் செய்கிறார், எதை விட்டுவிட்டார் என்று கேட்டு அந்தச் செயலையே ஒலிபரப்புங்கள். மாறிய முதல் வருடங்களில் மகசூல் குறைந்ததா என்பதையும் கேளுங்கள். அதை மறைத்துவிட்டு நாம் ஆசை காட்டினால், நம்பி இறங்குகிறவர் நஷ்டப்படுவார்.

எழுத்தும் எடிட்டும்

ஒரு வாக்கியத்தில் ஓர் எண்ணுக்கு மேல் வேண்டாம். மருந்து, உரம், கரைசல் அளவுகளை இரண்டு முறை சொல்லுங்கள், 'லிட்டருக்கு' என்கிறோமா 'ஏக்கருக்கு' என்கிறோமா என்பதை அழுத்திச் சொல்லுங்கள். தொண்ணூறும் தொள்ளாயிரமும் டிராக்டர் ஓசையில் ஒன்றுபோலவே கேட்கும். அதே அளவைக் குறிப்புப் பகுதியில் எழுத்திலும் போடுங்கள். பூச்சிக்கொல்லி அளவை யாருடைய நினைவிலிருந்தும் சொல்லவிடாதீர்கள், அதற்குப் புட்டியின் சீட்டுதான் ஆதாரம்.

முதலில் பேச்சை மட்டும் வெட்டி வரிசைப்படுத்துங்கள். அது தனியாகவே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஓசையும் இசையும். பேச்சில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்றின் முழக்கமும் மோட்டாரின் அடியோசையும் பெரும்பாலும் போய்விடும். இரைச்சல் நீக்கியை அளவோடு பயன்படுத்துங்கள். கூடிப்போனால் குரல் நீருக்கடியில் பேசுவதுபோல ஆகும். மொத்த ஒலி அளவு ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அளவு), மோனோவுக்கு மைனஸ் 19, உச்சம் மைனஸ் 1 டெசிபல். வானொலி நிலையத்துக்குக் கொடுப்பதானால் அவர்களின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பில் மைனஸ் 23. பேச்சு மட்டும் என்றால் மோனோ எம்பி3, 96 கேபிபிஎஸ் தாராளம். கடைசியாகப் போனின் சின்ன ஸ்பீக்கரில் ஒருமுறையும், ஓடும் வண்டியில் ஒருமுறையும் கேட்டுப் பாருங்கள்.

வெளியிடும் நாளைப் பருவம் தீர்மானிக்கட்டும். விதைத்தேர்வு பற்றிய நிகழ்ச்சி விதைத்த மறுவாரம் வந்தால் யாருக்கும் உதவாது, ஒரு மாதம் முன்னால் வரவேண்டும்.

பேசியவரின் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்குங்கள். கடன், பங்காளித் தகராறு, நில வழக்கு பற்றி அவர் மனம்விட்டுச் சொன்னவற்றை, வெளியிடுவதற்கு முன் அவருக்கே போட்டுக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். விதை, உர நிறுவனங்களின் விளம்பரப் பணம் வந்தால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அந்த நிறுவனத்தின் பொருள் பேசப்படும் பகுதியில் அவர்களின் விளம்பரம் வேண்டாம்.

தவறான அளவு வெளியாகிவிட்டால் கோப்பை மாற்றியதோடு வேலை முடியாது. முன்பே பதிவிறக்கியவர்களின் போனில் பழைய கோப்புதான் இருக்கும். அதே வாரத்தில் ஒரு நிமிடத் திருத்தத்தைத் தனி நிகழ்ச்சியாகவே வெளியிடுங்கள். எந்த நிகழ்ச்சி, எத்தனையாவது நிமிடம், சொன்னது என்ன, சரியானது என்ன என்பதைத் தலைப்பிலும் குரலிலும் சொல்லுங்கள். அடுத்த நிகழ்ச்சியின் முதல் நிமிடத்திலும் அதையே திரும்பச் சொல்லுங்கள்.